சுத்துது, பிடிக்கல

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கி
டீக்கு நிறுத்தினதுதான் தப்பு.
மணி மூணேகால்.
சாவியைத் திருப்பினால் சுத்துகிறது,
தும்மல் வரப்போய் வராமல் நின்றவன் மாதிரி
சுத்திக்கொண்டே இருக்கிறது.
பிடிக்கவில்லை.

பின்சீட்டில் தேசம்மா.
நாலு மணிக்குக் காசிமேட்டில்
அவள் குரல் ஏறினால்தான் ஏலம்.
"இன்னா எபி, வண்டி வருமா
நான் ஆட்டோ பாக்கட்டா?"
இந்த நேரத்தில் இந்த ரோட்டில் ஏது ஆட்டோ.
துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள்தான்,
ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு.

போனில் குத்புதீன் பாய்.
தூக்கத்திலும் தெளிவாகத்தான் பேசுவார்.
"நல்லா சுத்துதா? அப்ப பேட்டரிய திட்டாத.
காத்து, நெருப்பு, பெட்ரோல்.
மூணுல ஒண்ணு வரல. எதுன்னு பாரு.
சும்மா சும்மா செல்ஃப் அடிக்காத."

பிளக்கைக் கழற்றி
இரும்பில் சாய்த்துப் பிடித்தேன்.
நீலமாய்ச் சொடுக்கியது.
நெருப்பு இருக்கிறது.

"மோந்து பாரு. பெட்ரோல் வாசன வருதா?"
வந்தது.
சந்தேகத்துக்கு டிப்ஸ்டிக்கை மோந்தேன், வந்தது.
சட்டைக் காலரை மோந்தேன்.
டீ கிளாஸை மோந்தேன்.
"பாய், மணலிக் காத்து இந்தப் பக்கம் அடிக்குது."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப மூக்க நம்பாத. வெரலால தொடு."

காய்ந்து கிடந்தது பிளக்.
ஊருக்கெல்லாம் பெட்ரோல் காய்ச்சும் இடத்துக்குப் பக்கத்தில்
அரை டாங்கை வைத்துக்கொண்டு
ஒரு சொட்டு மேலே ஏறாமல்
நிற்கிறது என் சான்ட்ரோ.

"சாவிய பாதி திருப்பு. பின்சீட்டுக்கு அடியில
ரெண்டு செகண்டு ஙொய்ங்னு வரும்.
வருதா கேளு."
தேசம்மா குனிந்து சீட்டில் காது வைத்தாள்.
ஒரு டிரெய்லர் போனது. காத்திருந்தோம்.
இன்னொன்று போனது. காத்திருந்தோம்.
இரண்டு லாரிக்கு நடுவே விழுந்த
சின்ன அமைதியில் சாவியைத் திருப்பினேன்.
பாலத்து அடியில் நாய் ஒன்று சொறிந்துகொள்வது கேட்டது.
"ஒண்ணியும் கேக்கல" என்றாள்.

பானெட்டுக்குள் கறுப்புப் பெட்டி.
போன் வெளிச்சத்தில் ரிலேயைப் பிடுங்கிப் பார்த்தால்
நாலு காலும் பச்சை.
ஜன்னல் கம்பியை, சைக்கிள் செயினை,
சர்ச்சு மணியின் கொக்கியைத் தின்ற
அதே உப்பு
இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"பக்கத்துல ஹாரன் ரிலே இருக்கும்.
ரெண்டும் ஒரே ஜாதி.
அத புடுங்கி இதுல போடு."
சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்,
போன் அணைந்தது. என் போன்தான்.

இருட்டில் தடவி அழுத்தினேன்.
சாவி பாதி:
ஙொய்ங்.
தேசம்மா சீட்டைத் தட்டிக்கொடுத்தாள்.
சாவி முழுசு:
பிடித்துக்கொண்டது.

திருவொற்றியூர் தாண்டும்போதுதான் உறைத்தது.
கண்டெய்னர் ஒன்று
இண்டிகேட்டர் போடாமல் எங்கள் பக்கம் சாய்கிறது.
அழுத்துகிறேன், அழுத்துகிறேன்,
ஹாரன் ஊமை.

கண்ணாடியை இறக்கினாள் தேசம்மா.
இடுப்புவரை வெளியே.
இறாலுக்கும் வஞ்சிரத்துக்கும்
இருபது வருஷமாய் ஏற்றி இறக்கிய தொண்டை:
"ஓரம் ஒருதரம்! ஓரம் ரெண்டுதரம்!
த்தே, உன்னத்தான், ஓரம்!"
பதினெட்டுச் சக்கரமும் பயந்து விலகியது.

காசிமேடு கேட்டில் நாலுக்கு ரெண்டு நிமிஷம்.
வண்டியை அணைக்கவில்லை நான். பயம்.
வாடகை இருநூற்றைம்பதில்
ஐம்பதை இடுப்புப் பைக்குள் திரும்பச் செருகினாள்.
"ஹாரன் அடிச்ச கூலி" என்று
கூட்டத்துக்குள் போனாள்.
கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து
முதல் விலை கேட்டது,
லேசாய்க் கம்மின குரலில்.

புது ரிலே நூற்றெண்பதாம்.
வாங்க வேண்டும்.